நூற்று அறுபது பவுண்டு

கெட்டில்ரன், பென்சில்வேனியா
12 பிப்ரவரி 1989

அன்புள்ள தம்பி எல்வுட்டுக்கு, அக்கா வெர்னா எழுதுவது.

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. வாசல்படி வரைக்கும் பனி கிடக்கிறது. அரிசோனா வெயில் ஆர்லீனின் மூச்சிரைப்புக்கு ஒத்துக்கொள்கிறதா? நீ ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் ஆப்பிள் பை பலகாரம் தின்பதை விட்டாயா இல்லையா?

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். மலைமேல் ஹோசியாவின் பயிற்சி முகாமை மறுபடி திறக்கப் போகிறோம். இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்ததை, ஊர்ப் பிள்ளைகள் குத்துச்சண்டை பழகட்டும் என்று அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். சர்ச் பெண்கள் எல்லோரும் போய், அவன் பயிற்சி செய்த களஞ்சியத்தைக் கூட்டினோம். அவன் கயிறு தாண்டித் தாண்டிப் பள்ளம் விழுந்த தரைப்பலகைகூட அப்படியே இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மில்டிரட் பார்த்துவிட்டு, "என்ன வெர்னா, தூசியா?" என்றாள். தூசிதான் என்றேன்.

ஜூன் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, திறப்பு. ஹோசியா டாலிவர் வருகிறான். போன் பண்ணியபோது என் சுகத்தைக்கூட விசாரிக்கவில்லை. முதல் கேள்வியே, "அக்கா, வெண்ணெய்க்காரன் வருவானா?" என்பதுதான். பால் ஆலை நாளில் உனக்கு வைத்த பெயரை இன்னும் விடவில்லை அவன்.

நான் என்ன பதில் சொல்லட்டும்?

ஆர்லீனுக்கு என் முத்தங்கள்.
அக்கா வெர்னா


டூசான், அரிசோனா
2 மார்ச் 1989

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆர்லீன் நலம். நான் நலம். பை தின்பதை விடவில்லை.

நான் வர மாட்டேன் என்று சொல்லிவிடு. மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. 1958 அக்டோபர். வியாழக்கிழமை மத்தியானம் களஞ்சியத்தில் எடை பார்த்தோம். நான் கொண்டுவந்து வைத்த தராசு. பால் ஆலைத் தராசு, ஒரு அவுன்ஸ் பிசகாது. நூற்று அறுபது. என் கண்ணால் பார்த்தேன். அவன் பயிற்சியாளர் கெயின்ஸ் கிழவரும் பார்த்தார். அவன் பிரிவுக்கு அதுதான் எல்லை. அன்று சாயங்காலம் நகரத்துக்குப் போனான். வெள்ளி காலையில் அங்கே எடைபோட்டால் நூற்று அறுபத்து நாலு! ஒரே ராத்திரியில் நாலு பவுண்டு காற்றிலிருந்தா வரும்? பழைய கூட்டாளிகளோடு தின்று குடித்திருக்கிறான். ரப்பர் உடுப்பு போட்டு இரண்டு மணி நேரம் வியர்த்து எடையைக் குறைத்தானாம். அப்புறம் பத்தாவது சுற்றிலிருந்து காலே நகரவில்லை. கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்று அடிவாங்கினான். பட்டம் போயிற்று.

ஊர் விடுதியில் கறுப்பனுக்கு அறை இல்லை என்றபோது, அவனுக்காக பார்பர் கடையில் பாதி முகச் சோப்போடு எழுந்து நின்று சண்டை போட்டவன் நான். அவனால் ஒரு ராத்திரி வாயைக் கட்ட முடியவில்லை.

மூட்டை கட்ட வந்தபோது கை நீட்டினான். நான் என் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அது அங்கேயே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். படியில் உப்பு போடு.
எல்வுட்


கெட்டில்ரன்
14 மார்ச் 1989

என் முரட்டுத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். படியில் உப்பு போட்டாயிற்று.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முப்பது வருஷம் ஆகியும் சூடு ஆறவில்லையே உனக்கு! நான் வாதம் பண்ணப் போவதில்லை. அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

வேறு கேள். நேற்று, நான் அந்த நாளில் சமைத்துப் போட்ட முகாம் சமையலறையைக் கழுவினோம். அந்த நீள மேசை நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் ஊரே மலையேறும். ஆளுக்கொரு பாத்திரம். உருளைக்கிழங்கு சாலட் மட்டும் பதினோரு வகை வரும். ஹோசியா எல்லாவற்றையும் மோந்து பார்ப்பான், ஒன்றையும் தொட மாட்டான். "அக்கா, இது சித்திரவதை. சண்டை முடியட்டும், உங்க கோழிக் குழம்புக்குள்ள குதிச்சு நீச்சலடிக்கிறேன்" என்பான். பக்கத்து மேசையில் கெயின்ஸ் கிழவர் பருந்து மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

வைக்கோல் கட்டுகளில் எல்லோரும் உட்கார்ந்ததும் கயிறு தாண்டுவான். நம் சைலஸ் மாமா அக்கார்டியன் வாசிப்பார். மாமா வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டக் கூட்ட இவனும் கூட்டுவான். கடைசியில் மாமாதான் மூச்சு வாங்கி உட்காருவார்.

அப்புறம் அந்த வயிற்று விளையாட்டு! "யார் வேணும்னாலும் வயித்துல குத்துங்க, எனக்கு வலிக்காது" என்று பெண்களைக் கூப்பிட்டானே. பன்னிப் பண்ணை பெர்த்தா எழுந்து போய் ஒன்று விட்டாள் பார். "உஃப்" என்று மடங்கி, "கெயின்ஸ், இந்தம்மாவை ஒப்பந்தம் பண்ணுங்க" என்றானே! நீ சிரித்துச் சிரித்து வைக்கோல் கட்டிலிருந்து பின்பக்கமாக விழுந்தாய். இல்லை என்று சொல், பார்ப்போம்.

ஆர்லீனிடம் இதைப் படித்துக் காட்டு.
உன் அக்கா


டூசான்
1 ஏப்ரல் 1989

அக்காவுக்கு,

நலம். ஆர்லீனுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து இருமல் வந்து மருந்து கொடுக்க வேண்டியதாகிவிட்டது. இனி இப்படி எழுதாதே.

விழுந்தது உண்மைதான். பெர்த்தா இடது கையால் குத்தினாள் என்பதை நீ விட்டுவிட்டாய்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் பார்த்தாய். நான் பார்த்தது விடியற்காலை. பண்ணை பண்ணையாகப் பால் கேன் எடுக்க லாரியை ஓட்டுவேன். அவன் பின்னால் ஓடி வருவான். மேட்டில் நான் கியர் மாற்றும்போது பின்பலகையைத் தட்டிவிட்டு முந்திப் போவான். "என்னடா வெண்ணெய்க்காரா, உன் வண்டிக்கு வயசாயிடுச்சா?" என்பான். மேட்டு உச்சியில் நிறுத்துவேன். அவன் உடம்பிலிருந்து ஆவி பறக்கும். ஒரு கேன் மூடியில் ஆளுக்குப் பாதியாகத் தண்ணீர் குடிப்போம். அவன் அப்பாவுக்கு ஜார்ஜியாவில் இரண்டு மாடு இருந்ததாம். மாட்டைப் பற்றிப் பேசுவான், குத்துச்சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான்.

முகாம் தராசு உடைந்தபோது ஆலையில் கேட்டு நம் தராசைக் கொண்டுபோய் இறக்கினேன். ஏதோ நான் தங்கம் கொண்டுவந்த மாதிரி கட்டிப் பிடித்தான். சண்டைக்கு மூன்று வாரம் இருந்தது. தினமும் நான்தான் கோலில் எண்ணைப் பார்த்துச் சொல்வேன். கிட்டத்தில் இருப்பது அவன் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கல், அதை யாரிடமும் சொல்லாதே என்பான்.

இதெல்லாம் நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வருவது வேறு விஷயம். வர மாட்டேன்.

எல்வுட்


கெட்டில்ரன்
20 ஏப்ரல் 1989

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? என் முழங்காலுக்கு மருத்துவர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை நீலமாக இருக்கிறது, வலி அப்படியே இருக்கிறது.

ஒரு சங்கதி உனக்குத் தெரிய வேண்டும். ஜூலை பதினொன்றாம் தேதி ஹோசியாவுக்கு இதய அறுவை சிகிச்சை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

முகாம் வேலை முக்கால்வாசி முடிந்தது. போன ஞாயிறு பெண்கள் மட்டும் போய்ப் பார்த்தோம். உன் தராசை வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். பித்தளையைப் புளித்த மோர் போட்டு நானே துலக்கினேன். எல்லோரும் வரிசையில் நின்று ஏறினார்கள். மில்டிரட் இறங்கவே மாட்டேன் என்கிறாள். வீட்டுத் தராசைவிட நாலு பவுண்டு குறைத்துக் காட்டுகிறதாம். எடித்துக்கும் நாலு. பாதிரியார் மனைவிக்கும் சரியாக நாலு. "இனிமே எங்கேயும் எடை பார்க்க மாட்டேன், இங்கேதான்" என்று மில்டிரட் குதிக்காத குறை.

சரி, அடுப்பில் ஆப்பிள் கொதிக்கிறது. அடிப்பிடித்தால் உன்னைத்தான் திட்டுவேன்.

ஆர்லீனைக் கேட்டதாகச் சொல்.
அக்கா


கெட்டில்ரன்
9 மே 1989

எல்வுட்டுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஆர்லீனுக்கு ஏதாவதா? போன் அடித்தேன். அவள்தான் எடுத்தாள். நீ கொல்லையில் உட்கார்ந்திருக்கிறாய், யாரிடமும் பேசுவதில்லை என்றாள். சாப்பிடுவதில்லையாம். ஆப்பிள் பையைக்கூடத் தொடுவதில்லையாம்!

திட்டியாவது எழுது.
வெர்னா


டூசான்
15 மே 1989

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு வேலை செய். வேறு எதையும் எழுதாதே, இதை மட்டும் பார்த்துவிட்டு எழுது.

ஆலையில் அந்தத் தராசு வெண்ணெய் எடைபோட இருந்தது. மரப்பெட்டியோடு தூக்கி வைப்போம். வெண்ணெய் எடை மட்டும் தெரிய வேண்டும், பெட்டி எடை சேரக் கூடாது. அதற்காகப் பெட்டி எடையைக் கழித்துக் காட்டுகிற மாதிரி, கோலின் நுனியில் ஓர் ஈயத்துண்டைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருப்போம். கட்டியது நான். பெட்டி நாலு பவுண்டு.

தராசை மலைக்கு ஏற்றிய அன்று அந்த ஈயத்தை அவிழ்த்தேனா? மூன்று வாரமாக யோசிக்கிறேன். தார்ப்பாய் போட்டுக் கட்டியது நினைவிருக்கிறது. லாரியில் ஏற்றியது நினைவிருக்கிறது. அவிழ்த்தது நினைவில் இல்லை.

கோலின் நுனியில், அடிப்பக்கம், கை விட்டுத் தடவிப் பார்.

எல்வுட்


கெட்டில்ரன்
20 மே 1989

என் கண்ணான தம்பிக்கு,

தடவிப் பார்க்க வேண்டியதில்லை. இருக்கிறது. 1958இலேயே பார்த்துவிட்டேன்.

உட்கார்ந்து படி. சண்டை முடிந்த மறுநாள் ஹோசியா மூட்டை கட்ட வந்தான். நீ கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். அவன் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. "அக்கா, வியாழக்கிழமை ராத்திரி நான் தண்ணிகூடக் குடிக்கல. வெண்ணெய்க்காரன் ஏன் என்னை அப்படிப் பார்த்தான்?" என்றான். பிரிக்காத மாவு மூட்டை ஒன்று இருந்தது, ஐம்பது பவுண்டு என்று அச்சடித்தது. எதற்கும் பார்ப்போம் என்று இரண்டு பேருமாக இழுத்துப்போய் உன் தராசில் வைத்தோம். நாற்பத்தாறு காட்டியது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் கோலைத் தடவித் தடவி ஈயத்தைக் கண்டுபிடித்தான். மூன்று வாரமாகத் தினமும் நாலு பவுண்டு கூட இருந்திருக்கிறான், நாம் எல்லோரும் சரி சரி என்று கைதட்டியிருக்கிறோம். அவனுக்குச் சிரிப்பு வந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது, அப்படியும் சிரித்தான்.

நான் உன்னைக் கூப்பிட ஓடினேன். கையைப் பிடித்து நிறுத்தினான். "வேணாம் அக்கா. கெயின்ஸுக்குத் தெரிஞ்சா பத்திரிகைக்குப் போயிடும். ஊர்க்காரன் தராசைத் திருகி கறுப்பனைத் தோக்க வெச்சுட்டான்னு எழுதுவாங்க. அவன் ஆயுசுக்கும் தலை தூக்க முடியாது. இந்த ஊர்ல எனக்காக முதல்ல எழுந்து நின்னது அவன்தான். என்னைத் திட்டிட்டுப் போகட்டும். எனக்குத் தாங்கும்." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கையை விட்டான்.

எடை கூடியதற்குக் கெயின்ஸ் சாகும்வரை என் சமையலைத்தான் குறை சொன்னார். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நீ அவனைத் திட்டும்போதெல்லாம் வாயைக் கடித்துக்கொண்டேனே, அதுதான் கஷ்டமாக இருந்தது.

தெரிந்தேதான் மில்டிரட் கதையை எழுதினேனா என்று கேட்பாய். தராசைப் பற்றி உன்னிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். மில்டிரட்டைப் பற்றி எழுத மாட்டேன் என்று நான் யாருக்கும் சத்தியம் பண்ணவில்லை. ஜூலை பதினொன்று வருகிறது, எல்வுட். என்னால் இதற்கு மேல் முடியவில்லை.

சாப்பிடு. ஆர்லீனை அழவைக்காதே.
உன் அக்கா வெர்னா


டூசான்
30 மே 1989

அக்கா,

அவன் பட்டத்தைப் பறித்தவன் நான். போதாததற்கு முப்பது வருஷம் ஊர் ஊராக அவனைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இங்கே பார்பர் கடையில்கூடச் சொல்லியிருக்கிறேன். உன்னையும் சேர்த்துப் பேச்சு வாங்க வைத்துவிட்டேன்.

எந்த முகத்தோடு நான் அங்கே வந்து நிற்பது?

எல்வுட்


கெட்டில்ரன்
5 ஜூன் 1989

தம்பிக்கு,

முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அவனுக்குக் கண் முன்னைவிட மங்கல். கையை மட்டும் மறக்காமல் கொண்டு வா.

பேருந்து பதினாறாம் தேதி சாயங்காலம் நாலரைக்கு வரும். நிலையத்தில் நிற்பேன். கோழிக் குழம்பு தயாராக இருக்கும்.

அக்கா


டூசான்
2 ஜூலை 1989

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த ஆப்பிள் ஜாமில் ஒரு பாட்டில் வழியிலேயே உடைந்து, என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை முழுக்க ஆப்பிள். ஆர்லீன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பேருந்து நிலையத்தில் நீ ஒன்று கேட்டாய். களஞ்சியத்துக்குள் இரண்டு பேரும் அரைமணி நேரம் என்னடா செய்தீர்கள், அவன் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான் என்று. நான் பேருந்தில் ஏறிவிட்டேன். எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் வெளியே மேசை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே போனேன். அந்த ஈயத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும் என்று இங்கிருந்தே ஒரு குறடு கொண்டுவந்திருந்தேன். குனிந்து கோலைத் தடவுகிறேன், பின்னால் தடி ஊன்றும் சத்தம்.

"வெண்ணெய்க்காரா, உன் வண்டிக்கு வயசாயிடுச்சு போல."

திரும்பினேன். தலை முழுக்க வெள்ளை. தொப்பை. ஆனால் அதே சிரிப்பு. குறட்டைச் சட்டென்று சட்டைப்பைக்குள் போட்டேன், கையும் கூடவே போய்விட்டது. வரும் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியதை விட்டுவிட்டு, "முப்பது வருஷம் உன்னைத் திட்டினேன், ஹோசியா" என்றேன்.

"தெரியும்டா. அடிக்கடி புரையேறும். வெண்ணெய்க்காரன்தான் நினைக்கிறான்னு நினைச்சுக்குவேன்."

"என்னாலதானே..."

"நிறுத்து. முதல்ல எனக்கு எடை பாரு. பழைய மாதிரி."

தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினான். நான் கோலில் எடைக்கல்லை நகர்த்தினேன். நூற்று அறுபது தாண்டியது. இருநூறும் தாண்டியது. இருநூற்று இருபத்தெட்டில்தான் கோல் நின்றது. அவனுக்கு அந்த எண் தெரியாது. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, அந்தக் காலத்தில் நிற்கிற மாதிரியே நின்றான்.

"எவ்வளவு?"

எனக்குக் கண் மறைத்தது. "நூத்தி அறுபது" என்றேன்.

அப்படி ஒரு சிரிப்பு சிரித்தான் அக்கா. உத்தரத்தில் இருந்த புறாவெல்லாம் பறந்து போயிற்று. "இந்தத் தராசை மட்டும் என்னைக்கும் மாத்தாதேடா" என்றான். அப்புறம் சிரிப்பு நின்று அழுதான். நானும்தான். தராசிலிருந்து இறங்கக்கூட இல்லை, மேலிருந்தபடியே கையை நீட்டினான்.

என் கை சட்டைப்பைக்குள் குறட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தேன்.

பதினொன்றாம் தேதி செய்தி வந்தவுடன் போன் பண்ணு. இந்தத் தடவை பாதியில் வைக்க மாட்டேன். ஈயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மில்டிரட்டிடம் சொல்லிவிடாதே.

உன் தம்பி,
எல்வுட்